இரண்டு விசில்

கிருபா டீச்சருக்கு ஐம்பத்து மூன்று வயது. வேலூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் இருபத்தேழு வருடமாக விளையாட்டு டீச்சர். விளையாட்டு டீச்சர் என்றால் ஆசிரியர் அறையில் எப்போதும் ஓர் இளக்காரம் உண்டு. கணக்கு டீச்சர் லீவு போட்டால் வகுப்பை அடக்கி வைக்க ஆள் வேண்டும், ஆண்டு விழாவுக்கு நாற்காலி போட ஆள் வேண்டும், அதற்கெல்லாம் கூப்பிடு கிருபாவை. டீச்சர் அதை இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிடுவார். த்ரோபால் ஆடத் தெரிந்தவர்கள், இனிமேல் ஆடப்போகிறவர்கள் என்று மனிதரை இரண்டே ரகமாகப் பார்க்கிறவருக்கு மற்றதெல்லாம் பெரிய விஷயமில்லை.

அவர் பெண்கள் சிறைக்குப் போக ஆரம்பித்ததும் இந்தப் பார்வையால்தான். அவர் போகும் சர்ச்சில் சபையின் மாதர் சங்கத்தார் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோப்பும் பிஸ்கட்டும் எடுத்துக்கொண்டு அங்கே போவார்கள். பாட்டு, ஜெபம், சோப்பு, வீடு. ஐந்தாறு வருடங்களுக்கு முன் அப்படிப் போன ஒரு நாள், பிற்பகல் மூன்று மணிக்கு அறுபது பெண்கள் சுவரோர நிழலில் வெறுமனே உட்கார்ந்திருந்ததை டீச்சர் பார்த்தார். அன்று வீட்டுக்கு வந்ததும் கணவர் ஜெயகரனிடம் ஆரம்பித்துவிட்டார்.

"சோப்பு குடுக்கறோம், ஜெபம் பண்றோம். சரி. அவங்களுக்கு கை கால் இருக்குதுங்க. அத இன்னா பண்றது?"

ஜெயகரன் ஆஸ்பத்திரி ரெக்கார்டு பிரிவில் ஆயுசைக் கழித்தவர். எந்தக் காகிதம் எந்த மேஜையில் தூங்கும் என்று அவருக்குத் தெரியும். "மனு எழுதிப் போடு. எட்டு மாசம் ஆகும்," என்றார். சரியாக எட்டு மாதம் ஆனது. புதன்கிழமை தோறும் மூன்று மணியிலிருந்து நாலரை வரை பயிற்சிக்கு அனுமதி. சம்பளம் கிடையாது. பந்தும் வலையும் டீச்சர் சொந்தச் செலவு.

அறுபது பேரை ஒரே மைதானத்தில் ஆட வைக்க முடியாது. ஓடச் சொல்லி, எறியச் சொல்லி, பிடிக்கச் சொல்லிப் பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தார். முதல் மாதம் பேஜார்தான். பந்து கையில் பட்டால் ஒருத்தி இன்னொருத்தியின் தாயை இழுப்பாள். ஒரு புதன்கிழமை வலைக்கம்பத்தையே பிடுங்கிக்கொண்டு ஒருத்தி கிளம்பிவிட்டாள். த்ரோபாலில் பந்தை மூன்று வினாடிக்கு மேல் கையில் வைத்திருக்கக் கூடாது. டீச்சர் அதைப் பிடித்துக்கொண்டார். "மூணு எண்றதுக்குள்ள விட்று. பந்தா இருந்தாலும் சரி, கோவமா இருந்தாலும் சரி." இந்த வசனத்தின் மேல் டீச்சருக்குக் கொஞ்சம் மோகம். அதிகாரிகள் யார் வந்தாலும் ஒருமுறை சொல்லிக் காட்டுவார்.

ஆனால் அந்தப் பெண்களை உண்மையில் கட்டுப்படுத்தியது வசனம் அல்ல, விசில். சிறையில் நாலரை மணிக்கு ஆள் எண்ணிக்கை எடுப்பார்கள். காவலர் நீளமாக இரண்டு விசில் கொடுத்தால் எங்கே இருந்தாலும் இருந்த இடத்தில் குந்தி உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். ஆட்டம் சூடாகப் போகிற நேரத்தில் அந்த விசில் வந்து பயிற்சியைக் கலைத்துவிடும். டீச்சர் யோசித்தார். காவலரிடம் சொல்லி, எண்ணிக்கைக்கு ஐந்து நிமிடம் முன்பே தானே அந்த இரண்டு விசிலைக் கொடுக்க ஆரம்பித்தார். எல்லாரும் உட்கார்ந்ததும் அன்றைய ஆட்டத்தைப் பற்றிப் பேசுவார். பிறகு சண்டை வந்தாலும் அதே இரண்டு விசில், தண்ணீர் குடிக்க விடவும் அதே, ஒரு செட் முடிந்தாலும் அதே. பள்ளிக்கூடப் பிள்ளைகளைத் தொண்டை வற்றக் கத்தி உட்கார வைக்கிறவருக்கு, ஊதிய மாத்திரத்தில் பன்னிரண்டு பேர் அடங்குவது பரம சுகமாக இருந்தது. அது பெருமைப்படத் தக்க விஷயந்தானா என்று அப்போது அவருக்குத் தோன்றவில்லை.

பலன் இல்லாமல் போகவில்லை. அதையும் சொல்ல வேண்டும். ஆடுகிறவர்கள் அடித்துக்கொள்வது கம்மியானது. இராத்திரி தூக்கம் வருகிறது என்றார்கள். சௌமியா என்று ஒரு பெண், கணியம்பாடிப் பக்கம் ஒரு கிராமத்துக்காரி. தெருக்குழாய்ச் சண்டையில் பக்கத்து வீட்டுக்காரியைக் குடத்தால் அடித்து, அவளுக்கு ஒரு கண் போய்விட்டது. மூன்று வருடத் தண்டனை. வந்த புதிதில் யாரோடும் பேசாதவள், இரண்டாம் வருடம் அணிக்குக் கேப்டன் ஆனாள். தோற்றால் எதிரணிக்குக் கை கொடுத்துவிட்டுத்தான் நகருவாள். கண் போன அந்தப் பக்கத்து வீட்டுக்காரிக்கு அவள் ஒரு கடிதம் எழுதினாள். அதை அனுப்பலாமா வேண்டாமா என்று டீச்சரைக் கேட்டு, கடைசியில் அனுப்பவில்லை.

அந்த வருடக் கிறிஸ்துமஸுக்குச் சபையிலிருந்து கேரல் பாடச் சிறைக்குப் போனார்கள். கிட்டார் வாசித்தவர் சாமுவேல். ஆம்பூரைத் தாண்டி நெடுஞ்சாலையோரம் இருக்கும் ஒரு பெரிய ஷூ கம்பெனியில் ஹெச்.ஆர். மேனேஜர். நாற்பது வயதிருக்கும், நல்ல சுபாவம், டீச்சரை அக்கா என்பார். பாட்டு முடிந்ததும் டீச்சர் அணியை ஆட வைத்துக் காட்டினார். முடிவில் இரண்டு விசில் ஊதினார். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர்களும் சேர்த்து மைதானமே குந்தியது. சாமுவேல் வாய்விட்டுச் சிரித்தார். "அக்கா, அந்த விசில எங்க ஃபேக்டரிக்கு ஒண்ணு குடுங்கக்கா."

சௌமியா விடுதலையானபோது புருஷன் வீட்டில் கதவைச் சாத்திவிட்டார்கள். டீச்சர்தான் அவளை சாமுவேலின் கம்பெனிக்கு அழைத்துப் போனார். "மூணு வருஷமா என் கிட்ட விளையாடின பொண்ணு தம்பி, நான் பொறுப்பு," என்றார். எங்கே விளையாடினாள் என்று சொல்லவில்லை. சாமுவேலும் கேட்கவில்லை. சிறையில் எல்லாரும் ஒரே வெள்ளைப் புடவையில் இருந்ததால் அவளை அவர் அடையாளம் காணவுமில்லை. விண்ணப்பத்தில் 'உங்கள் மேல் குற்ற வழக்கு ஏதேனும் உண்டா' என்று ஒரு கேள்வி இருந்தது. சௌமியாவின் பேனா அங்கே நின்றது. டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தார். சௌமியா 'இல்லை' என்பதில் டிக் போட்டாள்.

ஷூவின் மேல்பாகம் தைக்கிற பிரிவில் வேலை கிடைத்தது. ஆம்பூரில் பெண்கள் விடுதியில் ஒரு கட்டில், கழுத்தில் ஐடி கார்டு, காலையில் கம்பெனி பஸ். இவ்வளவும் அந்த ஒரு டிக்கின் மேல் நின்றது. எங்கிருந்து வந்தாள் என்று தெரிந்தால் அன்றே வெளியே போக வேண்டியதுதான். டீச்சருக்கு அது தெரியும். பிரேயரில் அவளுக்காகத் தனியாக ஒரு வரி சேர்த்துக்கொண்டார்.

கம்பெனியில் பெண்கள் த்ரோபால் அணி ஆரம்பித்தபோது சாமுவேல் டீச்சரைத்தான் கோச்சாகக் கூப்பிட்டார். சனிக்கிழமை மாலையில் போய்ச் சொல்லிக்கொடுப்பார். ஒரே வருடத்தில் சௌமியா அங்கேயும் கேப்டன். பக்கத்துக் கம்பெனிகளைத் தோற்கடித்து ஒரு கோப்பை வாங்கி வந்து, டைரக்டர் கையால் சால்வை வாங்கினாள். அந்தப் போட்டோவை டீச்சர் ஃபோனில் வைத்துக்கொண்டு கண்டவரிடமெல்லாம் காட்டினார். யாரென்று மட்டும் சொல்லமாட்டார்.

இந்த வருடம் மார்ச் எட்டாம் தேதி மகளிர் தினத்துக்குக் கம்பெனிக்குள்ளேயே பிரிவுகளுக்கு இடையில் போட்டி வைத்தார்கள். பஸ் நிற்கிற இடத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, வலை கட்டி, மதியம் எல்லாருக்கும் பிரியாணி. கடைசி ஆட்டம் தையல் பிரிவுக்கும் பேக்கிங் பிரிவுக்கும். நடுவர் கிருபா டீச்சர்.

இரண்டாவது செட்டில் பந்து கோட்டின் மேல் விழுந்ததா வெளியே விழுந்ததா என்று தகராறு. பேக்கிங்காரி ஒருத்தி உள்ளே என்றாள், தையல்காரி ஒருத்தி உனக்குக் கண் அவிஞ்சா போச்சு என்றாள். அவ்வளவுதான், பதினாலு பேரும் வலைக்கு வந்துவிட்டார்கள். பார்த்துக்கொண்டிருந்த முந்நூறு பேரும் சேர்ந்து கத்தினார்கள். டீச்சர் ஒரு விசில் ஊதினார். யார் காதிலும் விழவில்லை. ஒருத்தி இன்னொருத்தியின் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். டீச்சருக்குப் பதற்றம். அடுத்து என்ன செய்கிறோம் என்று யோசிக்காமல், புதன்கிழமைப் பழக்கத்தில், நீளமாக இரண்டு விசில் கொடுத்தார்.

சத்தத்துக்கு நடுவில் இரண்டு பேர் குந்தினார்கள். வலைக்கு இந்தப் பக்கம் சௌமியா. அந்தப் பக்கம் பேக்கிங் அணியில் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண். இருவரும் முழங்காலைக் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்திருந்தார்கள். ஒரு நொடிதான். சௌமியா சடாரென்று எழுந்து செருப்புத் தூசியைத் தட்டுகிற மாதிரி பாவனை செய்தாள். மற்றவள் எழவில்லை. யாராவது போகலாம் என்று சொல்லக் காத்திருப்பவளைப் போல அப்படியே இருந்தாள். அவளுடைய அணிக்காரிகள் சிரித்தார்கள். ஒருத்தி கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள்.

மைதானத்தில் வேறு யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. மேடையில் உட்கார்ந்திருந்த சாமுவேலுக்கு மட்டும் புரிந்தது. டீச்சர் திரும்பிப் பார்த்தபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

ஆட்டம் முடிந்ததும் டீச்சரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார்.

"அக்கா, நேரா கேக்கறேன். அந்த ரெண்டு பேரும் உள்ள இருந்தவங்களா?"

டீச்சர் வாழ்க்கையில் பொய் சொல்லிப் பழகாதவர். பழகாதவர்கள் சொல்லும் பொய் எப்போதும் தேவைக்கு மேல் நீளமாக இருக்கும். "சௌமியாவா? அய்யோ தம்பி, அவ என் ஸ்கூல் பொண்ணு. எட்டாவதுலேர்ந்து என் கிட்டதான். அந்த விசில் என் பழக்கம், ஸ்கூல்லயும் அப்டிதான் ஊதுவேன், புள்ளைங்க எல்லாம் அப்டிதான் உக்காருங்க. வேணும்னா வந்து பாருங்க."

"பேக்கிங்ல ஒருத்தங்க உக்காந்தாங்களே? சம்பூர்ணம்னு பேரு. அவங்களும் உங்க ஸ்கூலா?"

டீச்சர் அந்த முகத்தை ஞாபகப்படுத்திப் பார்த்தார். எங்கேயும் பார்த்ததாக நினைவில்லை. "அவங்கள எனக்குத் தெரியாது தம்பி."

சொன்னது சத்தியமான வார்த்தை. ஆனால் அறையை விட்டு வெளியே வந்து படி இறங்கும்போதே ஒரு கேள்வி டீச்சரை நிறுத்தியது. தனக்குத் தெரியாத ஒருத்தி தன் விசிலுக்கு எப்படி உட்கார்ந்தாள்? அவளும் சிறையில் இருந்தவள் என்பதைத் தவிர வேறு பதில் கிடையாது. சாமுவேல் முட்டாள் அல்ல, அவரும் இதே கணக்கைப் போடுவார். பொய் சொல்லி ஒருத்தியைக் காப்பாற்றியாயிற்று. உண்மையைச் சொல்லி இன்னொருத்தியைப் பிடித்துக் கொடுத்தாயிற்று.

வீட்டுக்கு வந்து ஜெயகரனிடம் சொன்னார். அவர் பேப்பரை மடித்து வைத்தார். "அறுபது பேரு இருந்தாங்கன்னு சொல்லுவியே. அதுல ஒருத்தரா இருக்கும்."

அறுபது பேர். டீச்சருக்குப் பன்னிரண்டு பேரின் பெயர்தான் தெரியும். மீதி நாற்பத்தெட்டுப் பேர் ஒவ்வொரு புதன்கிழமையும் சுவரோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே போன பந்தை யாரோ எடுத்துப் போடுவார்கள். தேங்க்ஸ்மா என்று திரும்பிப் பார்க்காமல் சொல்லியிருக்கிறார். அதை நினைத்தபோது அவமானமாக இருந்தது. அன்று சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த புதன்கிழமை சிறைக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினார். அந்த விசிலை இனிமேல் எந்த வாயால் ஊதுவது? நாலு வருடமாகத் திருத்துகிறேன், திருத்துகிறேன் என்று போய், சிறையின் பழக்கத்தையே அவர்கள் உடம்பில் இன்னும் ஆழமாக இறக்கிவிட்டிருக்கிறேன் என்று புலம்பினார். ஜெயகரன் ஆறுதல் சொல்லிப் பார்த்துவிட்டு, கடைசியில் டீ போட்டுக் கொடுத்தார்.

வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் பஸ் பிடித்து ஆம்பூருக்குப் போய் சௌமியாவை விடுதியில் பார்த்தார். வெளியே படியில் உட்கார்ந்து பேசினார்கள்.

"அந்த சம்பூர்ணம் வேலைக்கு வர்றாங்களா?"

"திங்கக்கிழமைலேர்ந்து வரல டீச்சர்."

"உனக்குத் தெரியுமா அவங்கள?"

"தெரியும். மலைச் சாராய கேஸு. ஆறு மாசம் எங்க பிளாக்லதான் இருந்தாங்க. ஒரு வருஷமா கேன்டீன்ல தினம் பாக்கறேன்."

"பேசுவீங்களா?"

"இல்ல. அவங்களும் பேச மாட்டாங்க, நானும் பேச மாட்டேன். வெளிய வந்துட்டா ஒருத்தர ஒருத்தர் தெரியாது டீச்சர். எல்லாரும் அப்டிதான். அதான் மரியாதை."

"அவங்க வேலை போயிருந்தா அதுக்கு நான்தான் காரணம். நான் சாமுவேல் சார்கிட்ட பேசறேன்."

"விட்டுடுங்க டீச்சர்."

"எப்டிம்மா விட்றது? தப்பு பண்ணிட்டு பேசாம இருக்கறதா?"

"பேசாம இருங்க டீச்சர்," என்றாள் சௌமியா. குரலில் கெஞ்சல் இருந்தது. "தெரியாதுன்னு சொன்னீங்க இல்ல, அது அப்டியே இருக்கட்டும்."

டீச்சருக்கு அது கல்நெஞ்சாகப் பட்டது. தன் வேலை தப்பித்தால் போதும் என்று நினைக்கிறாளே, இவளுக்கா மூன்று வருடம் சொல்லிக்கொடுத்தோம் என்று வருத்தப்பட்டுக்கொண்டே பஸ் ஏறினார். கோபத்தை மூன்று எண்ணுவதற்குள் விடச் சொல்கிறவர், அந்த வருத்தத்தை வேலூர் வரைக்கும் மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டார். காலை பத்து மணிக்கெல்லாம் சாமுவேலின் அறையில் இருந்தார். உட்காரக்கூட இல்லை.

"தம்பி, அன்னிக்கு நான் பொய் சொன்னேன். சௌமியா என் ஸ்கூல் பொண்ணு கிடையாது. உள்ள என் கிட்ட விளையாடினவ. அந்த சம்பூர்ணமும் உள்ள இருந்தவங்கதான். ரெண்டு பேரும் பண்ண தப்புக்கு தண்டனை அனுபவிச்சு முடிச்சாச்சு. சம்பூர்ணத்த மட்டும் வேலையவிட்டு எடுத்தது நியாயமில்ல. ரெண்டு பேருக்கும் நான் பொறுப்பு ஏத்துக்கறேன்."

மனப்பாடம் செய்து வைத்திருந்ததை மூச்சு விடாமல் சொல்லி முடித்தார். சொன்னதும் நெஞ்சு லேசானது. ஒரு வாரமாக இல்லாத நிம்மதி.

சாமுவேல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "யாரக்கா வேலைய விட்டு எடுத்தது?"

"சம்பூர்ணம் வரலன்னு..."

"அவங்க மெடிக்கல் லீவுல இருக்காங்க. அன்னிக்கே கூப்ட்டு விசாரிச்சேன். மயக்கமா வந்துச்சு சார், கண்ணு இருட்டிச்சு, அதான் உக்காந்துட்டேன்னாங்க. நம்ம நர்ஸ் பாத்துட்டு பிரஷர் ரொம்ப கம்மின்னு சொன்னா. நீங்களும் தெரியாதுன்னுட்டீங்க. உங்களுக்குத் தெரியாதவங்க அங்க இருந்திருக்க முடியாதுன்னு நெனச்சேன். ஒரு வாரம் ரெஸ்ட் எடுங்கம்மான்னு நான்தான் அனுப்பி வெச்சேன். திங்கக்கிழமை வர்றாங்க." நிறுத்தினார். "வர்றதா இருந்தாங்க."

டீச்சர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, நான் சொன்னத கேக்கலன்னு வெச்சுக்கங்க."

"எப்டிக்கா? ரெண்டு பேரும் ஃபாரத்துல இல்லன்னு டிக் போட்ருக்காங்க. அடுத்த மாசம் நம்ம ஷூவ வாங்கற வெளிநாட்டு கம்பெனிலேர்ந்து ஆடிட்டுக்கு ஆள் வர்றாங்க. ஒவ்வொரு ஃபைலா எடுத்துப் பாப்பாங்க. எனக்குத் தெரியாம இருந்தா அது வேற. தெரிஞ்சுக்கிட்டு கையெழுத்து போட்டா என் வேலை போய்டும். எனக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்குக்கா."

டீச்சர் கெஞ்சினார். இருபத்தேழு வருடத்தில் ஒரு தலைமை ஆசிரியையிடமும் அப்படிக் கெஞ்சியதில்லை. சாமுவேல் தலையைப் பிடித்துக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை, அதனால்தான் அவருக்கும் கஷ்டமாக இருந்தது.

"சௌமியாவுக்காக மேல பேசிப் பாக்கறேன்," என்றார் கடைசியில். "டைரக்டர் கையால சால்வ வாங்கின பொண்ணு, அவருக்கே அவ பேர் தெரியும். ஃபாரத்த திருத்தி எழுதி வாங்கிக்கலாம்னு அவரே சொன்னாலும் சொல்லுவார். ஆனா பேக்கிங்ல டேப் ஒட்ற அம்மாவுக்கு நான் எதச் சொல்லிக்கா பேசறது?"

"நான் பொறுப்பு ஏத்துக்கறேன்னு சொல்றேனே."

"போன வாரம் தெரியாதுன்னீங்க. இந்த வாரம் பொறுப்புன்றீங்க." அவர் குரலை உயர்த்தவில்லை. "அவங்க வர வேணாம். செட்டில்மென்ட் லெட்டர் போஸ்ட்ல போய்டும்."

படியில் இறங்கும்போது சௌமியா எதிரே வந்தாள். யாரோ போய்க் கூட்டிவந்திருக்கிறார்கள், தையல் மிஷின் முன்னால் கட்டுகிற ஏப்ரனைக்கூட அவிழ்க்கவில்லை. டீச்சர் நின்றார். அவள் டீச்சரைப் பார்த்தாள், எல்லாம் புரிந்துகொண்டாள். தெரியாத ஆளைத் தாண்டிப் போவதைப் போல, சுவரோரமாக ஒதுங்கி மேலே ஏறிப்போனாள்.

தபால் வந்து சம்பூர்ணத்துக்குத் தெரிய வேண்டாம், தானே நேரில் சொல்ல வேண்டும் என்று டீச்சர் நினைத்தார். கம்பெனி பஸ் டிரைவரிடம் விசாரித்தபோது பள்ளிகொண்டாவில் கோயிலைத் தாண்டி, ஆற்றை ஒட்டிய தெருவில் ஓட்டு வீடு என்றான். மத்தியான வெயிலில் பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்தார். வழியில் ஒரு கடையில் சோடா வாங்கி, பாதி குடித்துவிட்டு வைத்தார்.

சம்பூர்ணம் வாசலில் வாளி வைத்து நீலநிறக் கம்பெனிக் கோட்டைத் துவைத்துக்கொண்டிருந்தாள். டீச்சரைப் பார்த்ததும் எழுந்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உள்ளே ஓடிப் பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள். தெருவில் யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள்.

"வாங்க டீச்சர். நீங்க இங்க வருவீங்கன்னு நெனக்கவே இல்ல. மோர் குடிக்கறீங்களா?"

"வேணாம்மா. உடம்பு எப்டி இருக்கு?"

"உடம்புக்கு இன்னா டீச்சர்," என்று சிரித்தாள். மேல் பல் ஒன்று இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "பயத்துல பிரஷர் எறங்கிப் போச்சு போல. நர்சம்மா மிஷின் போட்டுப் பாத்துட்டு கம்மி, கம்மின்னாங்க. அதுவே நல்லதாப் போச்சு. திங்கக்கிழமைக்குப் போய்டுவேன். அதான் கோட்ட தொவைக்கிறேன்."

டீச்சர் பேச வாயெடுத்தார். சம்பூர்ணம் விடவில்லை.

"உங்க கிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன் டீச்சர். சார் என்ன விசாரிக்கும்போது, கிருபா மேடமே உங்கள தெரியாதுன்னு சொல்ட்டாங்க, நான்தான் தப்பா நெனச்சுட்டேன்னு சொன்னாரு. எனக்கு உசுரே வந்துச்சு. அங்க எத்தினி தபா பந்து எடுத்துப் போட்ருப்பேன், உங்களுக்கு என் மூஞ்சி தெரியாம இருக்குமா? தெரிஞ்சும் தெரியாதுன்னு சொன்னீங்க பாருங்க. எங்க ஆளுங்கதான் அப்டி சொல்லுவாங்க. வெளிய இருக்கறவங்க யாரும் சொல்ல மாட்டாங்க. உங்கள நான் சாவற வரைக்கும் மறக்க மாட்டேன்."

அப்படியே எழுந்து போய்விடலாமா என்று டீச்சருக்கு ஒரு கணம் தோன்றியது. தபாலே வந்து சொல்லட்டும், இவள் மனதிலாவது நல்லவளாக இருந்துவிட்டுப் போகலாம். அந்த ஆசை வந்ததற்காகவே தன் மேல் அருவருப்பு வந்தது.

"திங்கக்கிழமை போவாதம்மா," என்றார். "இன்னிக்குக் காலையில நான் சார்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். உன்ன வேலைய விட்டு எடுத்துட்டாங்கன்னு நெனச்சு, திரும்ப சேத்துக்கச் சொல்லிக் கேக்கப் போனேன். நீ உள்ள இருந்தவன்னு நான்தான் சொன்னேன். வர வேணாம்னு சொல்லிட்டாரு."

சம்பூர்ணம் கத்தவில்லை. அழவுமில்லை. நின்ற இடத்திலேயே நின்று, டீச்சர் சொன்னதை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தவள் போல இருந்தாள். வாளிக்குள் கோட்டுக் கை ஒன்று வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்து உள்ளே போட்டாள்.

"உங்கள யாரு டீச்சர் கேட்டாங்க?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

கிருபா டீச்சர் யோசித்துப் பார்த்தார். இன்று காலை சாமுவேல் கேட்கவில்லை. சௌமியா வேண்டாம் என்றே சொன்னாள். இந்த வீட்டுக்கு நேற்றே வந்து இவளை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நேற்று ஆம்பூருக்குப் போன பஸ்ஸும் பள்ளிகொண்டா வழியாகத்தான் போயிற்று.

"யாரும் கேக்கலம்மா," என்றார்.